மடற்குழு நடத்துவோர் கேள்விகள்: கேட்காமலே விலகும் உறுப்பினர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்காக மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளைக் கொண்டு ஒரு மடற்குழு (ஒருவர் எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழு) நடத்திவருகிறேன். ஏறக்குறைய 600 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சில மாதங்களாக, விலகுவதாகச் சொல்லாத பலருடைய பெயர்கள் பட்டியலிலிருந்து காணாமற்போகின்றன. விசாரித்தால், ‘நீங்கள்தான் எங்களை நீக்கிவிட்டீர்கள்’ என்று வருத்தப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே மின்னஞ்சல் சேவையில் முகவரி வைத்திருப்பவர்கள். காரணம் என்ன? — திருச்சி வாசகர்

பதில்: அவர்களை நீக்கியது நீங்கள் அல்ல, மெயில்மேன். குற்றம் செய்யாதவர்களை அது நீக்கியிருக்கிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, நிர்வாகப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, ‘நோமெயில்’ என்னும் கட்டத்துக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ‘பி’ என்ற எழுத்து எத்தனை பேருக்கு விழுந்திருக்கிறது என்று பார்ப்பது. ‘யு’ என்றிருந்தால் உறுப்பினரே மடல் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார், ‘ஏ’ என்றிருந்தால் நிர்வாகி நிறுத்தியிருக்கிறார், ‘பி’ என்றிருந்தால் மடல்கள் திரும்பி வந்ததால், அதாவது பௌன்ஸ் ஆனதால், மென்பொருளே நிறுத்தியிருக்கிறது என்று பொருள்.

மடல் திரும்பி வரும் ஒவ்வொரு நாளுக்கும் அந்த முகவரிக்கு மெயில்மேன் ஒரு புள்ளி சேர்க்கும். ஒரே நாளில் பத்து மடல்கள் திரும்பினாலும் ஒரு புள்ளிக்கு மேல் ஏறாது. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் 5 புள்ளிகள் சேர்ந்ததும் மடல் அனுப்புவது நிறுத்தப்படும். அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக மூன்று எச்சரிக்கைகள் போகும். பதில் இல்லாவிட்டால் பெயரே பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பயன்பாட்டில் இல்லாத முகவரிகளைக் களைவதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் உறுப்பினர்களின் முகவரிகளில் எந்தப் பழுதும் இல்லை. மடல் திரும்பியது அதை எழுதியவருடைய முகவரியின் கொள்கையால்.

அந்தக் கொள்கைக்கு டிமார்க் என்று பெயர். ஒரு மடலின் ‘அனுப்புநர்’ வரியில் எந்தத் தளத்தின் பெயர் இருக்கிறதோ, அந்தத் தளத்திலிருந்துதான் அது வந்தது என்று எஸ்பிஎஃப், டிகிம் என்ற இரண்டு சோதனைகளில் ஒன்றாவது மெய்ப்பிக்க வேண்டும். இரண்டும் தவறினால் மடலை ஏற்க வேண்டாம் என்று தளத்தின் உரிமையாளர் உலகுக்கு அறிவித்துவிடலாம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு இப்படி அறிவித்தது. அதே மாதத்தில் ஏஓஎல்லும் அறிவித்தது. உலகெங்கும் மடற்குழு நடத்துவோர் உங்களுக்கு நேர்ந்த இதே சங்கடத்தில் அன்று சிக்கினார்கள். எஸ்பிஎஃப் என்பது மடலை அனுப்பிய சர்வர் எது என்று பார்க்கும் சோதனை. மடற்குழுவின் வழியாக வரும் மடல் குழுவின் சர்வரிலிருந்து வருவதால், அந்தச் சோதனை எழுதியவரின் தளத்துக்குப் பொருந்துவதில்லை. டிகிம் என்பது மடலின் உடலுக்கும் தலைப்புக்கும் இடப்படும் முத்திரை. குழுவோ தலைப்பின் முன்னே தன் பெயரைச் சேர்க்கிறது, மடலின் அடியில் விலகுவதற்கான குறிப்பை ஒட்டுகிறது. அந்த நொடியிலேயே முத்திரை உடைந்துவிடுகிறது. இவ்வாறு கடுமையான கொள்கை கொண்ட தளத்திலிருந்து ஓர் உறுப்பினர் எழுத, அந்தக் கொள்கையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் சேவையில் முகவரி வைத்திருக்கும் நூறு பேரின் கணக்கில் புள்ளிகள் ஏறுகின்றன.

திரும்பி வந்த மடல் ஒன்றைத் திறந்து பாருங்கள். ‘550’ என்று தொடங்கும் மறுப்பு வரியில் ‘5.7.26’ என்ற எண்ணோ டிமார்க் என்ற சொல்லோ இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

தீர்வு 2.1.18 முதல் மெயில்மேனிலேயே இருக்கிறது. தனியுரிமை அமைப்புகளில் அனுப்புநர் வடிகட்டிகளுக்கான பக்கத்தில், டிமார்க் நடவடிக்கை என்பதற்கு ‘மஞ்ச் ஃப்ரம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் கடுமையான கொள்கை கொண்ட தளங்களிலிருந்து வரும் மடல்களில் மட்டும் அனுப்புநர் வரியில் குழுவின் முகவரி அமரும். எழுதியவரின் பெயர் அதன் அருகில் இருக்கும். அவருடைய முகவரி பதிலுக்கான வரிக்குப் போகும். இது இயங்க சர்வரில் டிஎன்எஸ்பைதான் என்ற பைதான் நூலகம் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அமைப்பை மாற்றியும் ஒன்றும் நடக்காது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மெயில்மேன் 3-இலும் இதே வசதி டிமார்க் என்ற தனிப் பிரிவில் கிடைக்கிறது.

இதைச் செய்து முடித்த பிறகே உறுப்பினர்களை மீட்க முயலுங்கள். முன்னதாகச் செய்தால் ஒரு வாரத்தில் மீண்டும் நிறுத்தப்படுவார்கள். ‘பி’ விழுந்தவர்களுக்கு நோமெயில் குறியை எடுத்தால் போதும். முற்றிலும் நீக்கப்பட்டவர்களின் முகவரிகளை பௌன்ஸ் லாக் என்ற பதிவுக் கோப்பில் தேடிப் பாருங்கள். அவர்களை மொத்தமாகச் சேர்க்கும்போது, நடந்தது என்ன என்று நான்கு வரி எழுதி, நிர்வாகி என்ற முறையில் வருத்தமும் தெரிவியுங்கள். பத்து ஆண்டுகள் உடனிருந்த குழுவிலிருந்து ஒரு நாள் காரணமின்றி வெளியேற்றப்பட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த நான்கு வரிகள் மிகவும் தேவை.

கேள்வி: குழுவுக்கு அனுப்பும் மடல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வலைப்பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது? — கோயம்புத்தூர் வாசகி

பதில்: மடல் நடந்த வழியே நீங்களும் நடந்து பாருங்கள். ஒரு சோதனை மடல் அனுப்பி, அதன் மெசேஜ் ஐடியை, அதாவது அந்த மடலுக்கே உரிய அடையாளக் குறியை, குறித்துக்கொண்டு, முதலில் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற உங்கள் மடல் சர்வரின் லாக்கில் தேடுங்கள். அங்கேயே இல்லையென்றால் கோளாறு மெயில்மேனுக்கு வெளியே இருக்கிறது. இருந்தால், அடுத்து, அனுப்பிய மடல்களைப் பதிவுசெய்யும் மெயில்மேனின் எஸ்எம்டிபி லாக்கைப் பாருங்கள். அந்த ஐடியுடன், இன்ன குழுவுக்காக இத்தனை பேருக்கு இத்தனை நொடிகளில் அனுப்பி முடிந்தது என்ற ஒரு வரி அங்கே இருந்தால், மெயில்மேன் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு நடந்ததை மீண்டும் மடல் சர்வரின் லாக்கில்தான் தேட வேண்டும்.

அந்த வரி இல்லையா? மடல்கள் வரிசையில் காத்திருக்கும் கியூஃபைல்ஸ் அடைவுக்குள் போங்கள். ‘இன்’ அடைவில் கோப்புகள் குவிந்திருந்தால், மடல்களை எடுத்துக் கையாளும் ரன்னர்கள் என்ற பின்னணி நிரல்கள் ஓடவில்லை. மெயில்மேன் சிடிஎல் கட்டளையால் அவற்றைத் தொடங்குங்கள். சர்வர் மறுதொடக்கம் ஆன பிறகு வலைப்பக்கம் மட்டும் எழுந்து, ரன்னர்கள் எழாமல் போவது உங்கள் விவரிப்புக்கு மிகவும் பொருந்துகிறது. ‘அவுட்’ அடைவில் குவிந்திருந்தால் மடல் சர்வர் அவற்றை ஏற்க மறுக்கிறது. ‘ஷன்ட்’ அடைவில் இருந்தால், அந்த மடலைக் கையாளும்போது நிரலே பிழையில் விழுந்திருக்கிறது. காரணம் எர்ரர் லாக்கில் முழுமையாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. காரணத்தைச் சரிசெய்த பிறகு ‘அன்ஷன்ட்’ கட்டளை கொடுத்தால், அங்கே கிடக்கும் எல்லா மடல்களும் புறப்பட்டுவிடும். முன்பு நான் பராமரித்த ஒரு குழுவில், தேதிகளைப் பார்க்காமல் அதைக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதங்களுக்கு முன் முடிந்துபோன ஒரு கூட்டத்தின் அழைப்பு எல்லோருக்கும் போனது. வெளியூரிலிருந்து ஒருவர் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார். பழைய கோப்புகளை வேறோர் அடைவுக்கு நகர்த்திவிட்டுப் பிறகு கட்டளையைக் கொடுங்கள்.

கேள்வி: மறைநகல் வரியில் குழுவின் முகவரியை இட்டு அனுப்பினால் மடல் நிர்வாகியின் ஒப்புதலுக்காக நின்றுவிடுகிறதே? — மதுரை வாசகர்

பதில்: பெறுநர், நகல் ஆகிய இரண்டு வரிகளிலும் குழுவின் முகவரி இல்லாத மடல் பெரும்பாலும் எரிதமாக (ஸ்பாம்) இருக்கும் என்பதால் மெயில்மேன் அதை நிறுத்திவைக்கிறது. முகவரியைப் பெறுநர் வரியில் இடச் சொல்லுங்கள். குழுவுக்கு மாற்று முகவரி ஏதேனும் இருந்தால் அதை ஏற்கத்தக்க மாற்றுப்பெயர்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இந்தச் சோதனையையே நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: 2000-ஆம் ஆண்டையொட்டிய எங்கள் இலக்கிய மடற்குழுவின் காப்பகத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் வருகின்றன. மீட்க முடியுமா? — சென்னை வாசகி

பதில்: பெரும்பாலும் முடியும். அன்றைய மடல்கள் பல, யூனிகோடு பரவுமுன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறையில் எழுதப்பட்டு, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய ஐஎஸ்ஓ 8859-1 என்ற முகப்புச் சீட்டுடன் அனுப்பப்பட்டன. எழுத்துகள் அழியவில்லை, சீட்டுதான் தவறு. ஆங்கிலப் பகுதிகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் அவை ஒழுங்காகத் தெரியும்.

மடல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மூலமாகிய எம்பாக்ஸ் கோப்பை முதலில் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். மாற்றம் எல்லாம் படியில்தான். லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற குறிமுறை மாற்றும் கருவி டிஸ்கியை அறியும். டிஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். யூனிகோடிலோ மெய்க்குப் பின்தான் உயிர்க்குறி வரும். ஆகவே மாற்றி முடித்ததும் கொம்புள்ள சொற்களைக் குறிப்பாகச் சரிபாருங்கள். கோட்டட் பிரின்டபிள் என்ற மின்னஞ்சல் பொதிவு முறையில் பொதிந்த மடல்களை முதலில் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றாமல் மடல் மடலாக மாற்றுங்கள், ஏனெனில் அதே காப்பகத்தில் பிற்காலத்து யூனிகோடு மடல்களும் கலந்திருக்கும். கடைசியில் சீட்டை யூடிஎஃப்-8 என்று திருத்திக் காப்பகத்தை மீண்டும் கட்டுங்கள். மடல்களின் வரிசை எண்கள் மாறினால் பழைய இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால், இப்போதுள்ள வலைப்பக்கங்களை அழிக்காமல் வேறொரு முகவரியில் அப்படியே விட்டுவையுங்கள்.