எம்ஓயுவில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: எங்கள் கல்லூரியின் ஊட்டச்சத்துத் துறை ஒரு சத்துமாவுக் கம்பெனியோடு எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டிருக்கிறது. சர்க்கரை நோயின் எல்லையில் இருப்பவர்களுக்கு அந்த மாவு உதவுகிறதா என்று நாங்கள் ஆராய வேண்டும். செலவு முழுவதும் கம்பெனியுடையது. ‘இது விலைபோன ஆய்வு’ என்கிறார்கள் தோழிகள். ‘கம்பெனிகள் இல்லாமல் இந்தத் துறையில் எதுவும் நடக்காது’ என்கிறார் பேராசிரியை. யார் சொல்வது சரி?
(பெயர் வெளியிட விரும்பாத முதுகலை மாணவி, கோவை)

பதில்: அந்த எம்ஓயுவை நீங்கள் படித்தீர்களா? உங்கள் தோழிகள் படித்தார்களா? அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன். அதைப் படிக்காமல் இந்தச் சண்டையை எத்தனை நாள் போட்டாலும் தீராது.

பேராசிரியை சொல்வதில் உண்மை இருக்கிறது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனர்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள், அவன் பிழைத்தான். அது பலருக்கும் தெரிந்த கதை. அப்புறம் நடந்ததைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. சில வாரங்களிலேயே பல்கலைக்கழக ஆய்வகத்தால் மருந்தைத் தேவையான அளவில் தயாரிக்க முடியாமல் போனது. ஒரு தடவை வந்த வீரியம் அடுத்த தடவை வரவில்லை, நோயாளிகளோ காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மே மாதமே இண்டியானாபொலிஸிலிருந்த எலி லில்லி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அமிலத்தன்மையைச் சரியான அளவில் நிறுத்தினால் இன்சுலின் தனியாகப் படியும் என்று அங்கே ஜார்ஜ் வால்டன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பிறகுதான் சுத்தமான மருந்து பெரிய அளவில் வந்தது. அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள்.

ஆனால் டொரன்டோ எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பாருங்கள். லில்லிக்குக் கிடைத்த தனியுரிமை ஒரு வருடத்துக்குத்தான். இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவிலிருந்த பேன்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார்கள். மருந்தின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரமும் பல்கலைக்கழகம் அமைத்த குழுவின் கையில் இருந்தது. கம்பெனி லாபம் பார்த்தது, தாராளமாகப் பார்க்கட்டும். மருந்து நல்லதா இல்லையா என்று சொல்லும் இடத்தை மட்டும் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்கவில்லை.

தோழிகளின் கோபமும் சும்மா வந்ததில்லை. 1965-ல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்களின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு ஊட்டச்சத்துத் துறைக்காரர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து இதய நோய் பற்றி ஒரு மறுஆய்வுக் கட்டுரை (ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது) எழுதச் சொன்னது. எந்தெந்த ஆய்வுகள் தங்களை உறுத்துகின்றன என்று முன்கூட்டியே தெரிவித்தது, வரைவையும் வாங்கிப் பார்த்தது. 1967-ல் பெரிய மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரை, கொழுப்பின் பக்கம் கையை நீட்டிச் சர்க்கரையைத் தப்ப விட்டது. பணம் யார் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை (அந்த இதழ் அப்போது அதைக் கேட்கவும் இல்லை). கடிதங்கள் 2016-ல்தான் வெளியே வந்தன.

என்னை இதைவிட அதிகமாக உறுத்துவது வெளிவராமலே போன ஒரு ஆய்வு. அதே அமைப்பு பெயரை மாற்றிக்கொண்டு 1968-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஒரு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரை தின்ற எலிகளின் ரத்தக் கொழுப்பு ஏறுவதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கலாம் என்றும், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஒரு என்சைமின் அளவைச் சர்க்கரை மாற்றுகிறது என்றும் முடிவுகள் வரத் தொடங்கின. முடித்துக்கொடுக்க இன்னும் 12 வாரம் வேண்டும் என்றார் ஆய்வாளர். பணத்தை நிறுத்திவிட்டார்கள். எதுவும் அச்சில் வரவில்லை. எலிகளில் பார்த்தது மனிதர்களுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி, பொருந்தாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே அந்தத் துறைக்குக் கிடைக்கவில்லை. 2017-ல் பழைய ஆவணங்களைத் தோண்டியவர்கள் சொல்லித்தான் உலகத்துக்கே தெரியும்.

பழைய காலம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோகோ கோலா கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்கு பல்கலைக்கழகங்களோடு போட்ட ஐந்து ஒப்பந்தங்களைத் தகவல் சட்டத்தின் வழியாக வெளியே கொண்டுவந்து, 2019-ல் ஒரு ஆய்வுக் குழு வரிவரியாகப் படித்தது. அச்சுக்குப் போகுமுன் முடிவுகளைப் பார்க்கும் உரிமை கம்பெனிக்கு இருந்தது. காரணமே சொல்லாமல் ஆய்வை நடுவில் நிறுத்தும் உரிமையும் இருந்தது. அந்த உரிமையைக் காட்டி எதையாவது அமுக்கினார்கள் என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அந்தக் குழு நேர்மையாகவே சொன்னது. அமுக்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம், ஏனென்றால் எந்த நிமிடமும் பணம் நிற்கும் என்று தெரிந்த ஆய்வாளர் கேள்வியையே கம்பெனிக்கு வலிக்காதபடி கேட்டுவிடுவார்.

உங்கள் ஆய்விலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். கம்பெனியின் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு குழுவுக்குக் கொடுத்து, இன்னொரு குழுவை வழக்கம்போல இட்லி, பொங்கல் சாப்பிடச் சொன்னால் மாவு ஜெயிப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு, நார்ச்சத்து உள்ள எதுவும் அங்கே ஜெயிக்கும். வீட்டில் வறுத்து அரைத்த கேழ்வரகு, பயறு மாவை அதே கலோரி அளவில் எதிரே நிறுத்துங்கள், அப்போது தெரியும். ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரச் சர்க்கரையை மட்டும் பார்ப்பதா, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியைப் பார்ப்பதா என்பதை யார் முடிவு செய்தார்கள்? கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் என்றால் அது ஆய்வே இல்லை, விளம்பரத்தின் முதல் பாகம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் எல்லையில் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-ல் சொன்னது. எல்லையில் நிற்கும் இவர்கள்தான் டப்பா மேல் ‘பல்கலைக்கழகத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று பார்த்துக் காசு கொடுக்கப்போகிறவர்கள்.

அதனால் கூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எம்ஓயுவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முடிவு எப்படி வந்தாலும் துறை வெளியிடலாம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும், மூலத் தரவு துறையிடம் இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் அதுவரை கிடைத்ததையாவது வெளியிட வழி இருக்க வேண்டும். முதல் ஆளைச் சேர்க்குமுன், மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் ஆய்வைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்; யார் பணம், எதை அளக்கப்போகிறோம் என்பதெல்லாம் அங்கே ஏறிவிட்டால் பிறகு யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. இதையெல்லாம் கேட்டதற்கே பின்வாங்கும் கம்பெனி என்றால் போகட்டும் என்று விடுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும். உங்கள் ஆய்வேடு இந்தத் திட்டத்துக்குள் வருகிறது என்றால், அதைச் சமர்ப்பிக்கக் கம்பெனியின் அனுமதி தேவையா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தைய வாரம் கேட்டால் உங்களுக்காகப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.