அந்தப் பொண்ணு எந்த பாஷையில பேசியிருப்பா?

வணக்கம் அண்ணா,

போன வாரம் பேஸ்புக்ல ஒரு போட்டோ பாத்தேன். ஹிட்லர் காலத்து ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல பதினாலு வயசுப் பொண்ணு ஒண்ணு வயலினோட நிக்கிறா, பேரு ஊரு எல்லாம் போட்டு பெரிய கதை. அழுகையே வந்துடுச்சு, ஃபேமிலி க்ரூப்ல ஷேர் பண்ணிட்டேன். என் பையன் பாத்துட்டு, அம்மா இது ஏஐ, விரலை எண்ணிப் பாருன்னான். ஆறு இருந்துச்சு. அசிங்கமாப் போச்சு. ஆனா நடந்த கொடுமை நெஜம்தானே, போட்டோ மட்டும் பொய்யா இருந்தா என்ன கெட்டுப் போச்சு? இன்னொண்ணு, முன்ன ஒரு தடவை யிட்டிஷ்னு ஒரு பாஷையைப் பத்தி சொன்னீங்க. யூதர்கள்னா ஹீப்ரு இல்லையா?

– ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அசிங்கப்பட ஒண்ணுமில்ல, லைக்குக்கும் அதுல வர்ற காசுக்கும் இதையே தொழிலா பண்றவங்க இருக்காங்க, 2025ல ஆஷ்விட்ஸ் மியூசியம்காரங்களே இந்தப் படங்களைப் பத்தி எச்சரிக்கை விடற அளவுக்குப் போச்சு.

என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்டீங்கல்ல. இனப்படுகொலையே நடக்கலன்னு சாதிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, ஒரு டூப்பு படம் சிக்கினா அவங்களுக்கு அல்வா, இதுவே பொய்னா மத்ததும் பொய்தானேன்னு ஆரம்பிச்சுடுவாங்க. இது எல்லாரும் சொல்றதுதான். எனக்கு உறுத்தறது வேற. ஆஷ்விட்ஸ் கைதிங்களை மூணு போஸ்ல எடுத்த நெஜ போட்டோ சுமார் 39,000 இன்னிக்கும் இருக்கு. ஆனா ரயில்ல வந்து எறங்கின யூதர்கள்ல பெரும்பாலானவங்களை பதிவே பண்ணாம நேரா கேஸ் சேம்பருக்குத்தான் அனுப்பினாங்க, அவங்களுக்கு அந்த மாதிரி கைதி போட்டோவே கிடையாது. அந்த போட்டோ இல்லாததே ஒரு சாட்சிங்க. அந்த எடத்துல போய் நாம அழகா ஒரு வயலின் பொண்ணை வரைஞ்சு வெச்சா, ஹிட்லரோட நாஜிங்க அழிச்சதை நாம பூசி மறைக்கிற மாதிரி ஆயிடுது.

அப்புறம் அந்தப் பொண்ணுக்கு பாஷையே இல்ல, கவனிச்சீங்களா? கீழ மொழுமொழுன்னு இங்கிலீஷ் கேப்ஷன், அவ்ளோதான்.

உங்க ரெண்டாவது கேள்வி இங்கதான் வருது. ஹீப்ரு பிரார்த்தனைக்கு, வேதத்துக்கு. கிழக்கு ஐரோப்பாவுல வீட்டுல, சந்தையில, சண்டையில பேசினது யிட்டிஷ். ஜெர்மன் வாடை அடிக்கும், ஹீப்ருவும் ஸ்லாவ் பாஷைகளும் கலந்திருக்கும், எழுதறது ஹீப்ரு எழுத்துல. போருக்கு முன்னாடி சுமார் 1.1 கோடி பேர் பேசினாங்க, கொல்லப்பட்ட 60 லட்சம் பேர்ல 50 லட்சம் பேர் வரைக்கும் இதைப் பேசினவங்கதான். கிரீஸ்ல சலோனிகா யூதர்களுக்கு லடினோ, 1492ல ஸ்பெயின்ல இருந்து விரட்டினப்ப கூடவே எடுத்துட்டு வந்த பழைய ஸ்பானிஷ். 1943ல அந்த ஊர் யூதர்களை மொத்தமா ரயில்ல ஏத்தினாங்க. ஆஷ்விட்ஸோட சேர்ந்த பிர்கெனாவ் முகாம் நினைவிடத்துல லடினோவுல ஒரு பலகை வர்றதுக்கு 2003 ஆயிடுச்சு.

இப்ப ஒரு நெஜ விஷயம் சொல்றேன், கொஞ்சம் நீளும். டேவிட் போடர்னு ஒரு சைக்காலஜி புரொபசர், லாட்வியாவுல பொறந்து சிகாகோவுல வேலை பாத்தவர். 1946ல வயர் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு ஐரோப்பா போனார், டேப்புக்கு முன்னாடி காலம், முடி மாதிரி மெல்லிசான ஸ்டீல் கம்பியில குரல் பதியற மெஷின். அகதி முகாம் அகதி முகாமாப் போய், உங்க பாஷையிலயே சொல்லுங்கன்னு சுமார் 130 பேரைப் பேச வெச்சார். அதுல ஒரு சுருள் மட்டும் காணாமப் போயிடுச்சு, பாரிஸ் பக்கத்துல ஹெனோன்வில் முகாம்ல பாடின பாட்டுங்க. அமெரிக்காவுல ஏக்ரன் யுனிவர்சிட்டில தப்பா பேரு எழுதின டப்பாவுல தூங்கிட்டிருந்தது 2017ல வெளிய வந்துச்சு. கம்பி இருக்கு, ஓட்ட மெஷின் இல்ல, பழசு ஒண்ணைத் தேடிப்பிடிச்சு தட்டிக்கொட்டித்தான் ஓட்டினாங்க.

அதுல ஒரு பாட்டு, கிராகோவ்ல தச்சு வேலை பாத்த மொர்தெகாய் கெபிர்டிக் 1938ல எழுதினது, அவரை 1942ல கெட்டோவுல, அதாவது யூதர்களை அடைச்சு வெச்ச பகுதியில, சுட்டுக் கொன்னுட்டாங்க. அவர் எழுதினது நம்ம ஊரு எரியுதுன்னு. இந்தக் கம்பியில பாடற பொம்பளை ஊருங்கறதை எடுத்துட்டு யூத ஜனமே எரியுதுன்னு பாடறாங்க. அந்தச் சொல்லுதான் மாறியிருக்கு, 38ல ஊரு, 46ல ஜனம். யிட்டிஷ் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து கேக்கலன்னா இது யாருக்குத் தெரியும்?

பழைய ஆவணங்களை ஸ்கேன் பண்ணி சர்வர்ல ஏத்திட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க, பேரு தேடறதுக்கே பாஷை வேணும். யாத் வஷேம்னு இஸ்ரேல்ல இருக்கற நினைவு மையத்தோட, கொல்லப்பட்டவங்க லிஸ்ட்ல இப்ப 50 லட்சம் பேரு இருக்கு, அதுல ஒரே ஆள் வீட்டுல இட்ஸிக், போலந்து ரிஜிஸ்டர்ல ஐசாக், ஹீப்ருவுல யிட்ஸ்ஹாக். மூணும் ஒருத்தர்தானான்னு சொல்ல ஆள் வேணும்ல.

ஆனா அந்த ஆளுங்களை உருவாக்காம விட்டதுல யூதர்களுக்கும் பங்கு இருக்கு. இஸ்ரேல்ல யிட்டிஷ் பேசறவங்களை மட்டமாப் பாத்த காலம் உண்டு, தாத்தா பாட்டி வாயை மூடிக்கிட்டாங்க, இப்ப பேரன் பேத்தி டுவோலிங்கோல கத்துக்குது. நியூயார்க் வில்லியம்ஸ்பர்க்ல ஹசிடிக்னு சொல்ற ஆசாரமான யூதர்கள் வீட்டுப் பசங்களுக்கு இதப் பாத்தா சிரிப்பு வரும், அதுங்க தெருவுல அடிச்சுக்கறதே யிட்டிஷ்லதான்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. க்ரூப்ல அந்த படத்தை சும்மா டெலிட் பண்ணாம, இது டூப்பு, தெரியாம போட்டுட்டேன்னு ஒரு வரி போடுங்க. போடரோட பேட்டிங்க ஆன்லைன்ல இருக்கு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட. அதுல ஒரு லிங்க்கை கீழ போடுங்க. கரகரன்னுதான் இருக்கும், ஒரு ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க.