சீசனுக்கு வரவில்லை, படிக்க வந்திருக்கிறேன்

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்தில் மெஞ்ஞானபுரம் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தேன். உதகை அரசு கலைக் கல்லூரியில் முதுகலை சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. விடுதியில் தங்கியிருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஆலயங்களுக்குப் போனேன். எங்குமே யாரும் என்னிடம் பேசவில்லை. விடுதித் தோழிகள் சிலர், ஒரு வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே என்னைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள். பாட்டும் உற்சாகமாக இருந்தது. அம்மாவோ, "நம் சபையை விட்டுவிடாதே" என்கிறார். நான் எங்கே போவது? ஊர்ச் சபையில் இருக்கும் என் பெயரை இங்கே மாற்ற வேண்டுமா?

பதில்: மகளே, உன் கடிதத்தில் "எங்குமே யாரும் என்னிடம் பேசவில்லை" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உன் ஊர்ப் பக்கம் ஆலயத்துக்குள் ஒரு புதிய முகம் நுழைந்தால், பிரசங்கம் முடிவதற்குள் அது யார் வீட்டு விருந்தாளி என்பது பெண்கள் பக்கம் முழுவதும் தெரிந்துவிடும். 192 அடி உயர மெஞ்ஞானபுரம் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த உனக்கு அதுதான் இயல்பு. உதகையில் நிலைமை வேறு. இங்கே வாரந்தோறும் புதிய முகங்கள் வருகின்றன. 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தையே எடுத்துக்கொள். அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றை அண்ணாந்து பார்க்கவென்றே எத்தனையோ பேர் வருகிறார்கள். சீசன் மாதங்களில் கேட்கவே வேண்டாம். இப்படிப் பல ஆண்டுகள் பழகிய சபையார், தெரியாத ஒருவரைக் கண்டதும் "அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார்" என்று எண்ணிக்கொள்கிறார்கள். உன்னை அவர்கள் ஒதுக்கவில்லை. சுற்றுலாவுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கும் இதுவேதான் நடந்தது. ஆசிரியப் பணிக்காக மலையேறி வந்த புதிதில், ஒரு பருவம் முழுவதும் ஒரே ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எழுந்து வந்துவிடுவேன். யாராவது அழைப்பார்கள் என்று காத்திருந்து, அறைக்குப் போய் அழுத ஞாயிறுகளும் உண்டு. ஒரு நாள் மழைக்காக வாசலில் ஒதுங்கி நின்றபோது பாட்டி ஒருவர், "யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் அம்மா? எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன். அவருக்கு முகமே வாடிவிட்டது. "வந்த அன்றே சொல்லியிருக்கக் கூடாதா, மகளே!" என்றார். அன்று மதியம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் இறக்கும் வரை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு வேறு வீடு தேவைப்படவில்லை.

ஆகவே வரும் ஞாயிறு ஒரே ஒரு காரியம் செய். ஆராதனை முடிந்து ஆயர், அதாவது சபையின் போதகர், வாசலில் நின்று கைகுலுக்கும்போது உன் பெயரையும் ஊர்ச் சபையின் பெயரையும் சொல்லி, "இரண்டு ஆண்டுகள் இங்கே படிக்கப் போகிறேன்" என்று சொல். அந்த "இரண்டு ஆண்டுகள்" என்ற சொல்தான் வேலை செய்யும். பக்கத்தில் நிற்கும் செயலரின் மனைவியின் காதில் அது விழுந்தால் இன்னும் நல்லது. நீ வந்திருக்கும் காலமும் உனக்குச் சாதகமானது. பயணிகள் குறைந்து மழை பிடித்திருக்கும் இந்த மாதங்களில், நனைந்த குடையோடு இரண்டு வாரம் தொடர்ந்து வருகிற பெண்ணை யாரும் சுற்றுலாப் பயணி என்று நினைக்கமாட்டார்கள்.

மூன்று ஆலயங்களைப் பார்த்தது சரி. நான்காவது ஐந்தாவது என்று போய்க்கொண்டிருக்காதே. வாரம் ஓர் இடம் என்று சுற்றுகிறவரை எந்த இடத்தாலும் அறிந்துகொள்ள முடியாது. பார்த்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு. எதை வைத்து என்று கேட்பாய். பிரசங்கத்தையும் பாட்டையும் மட்டும் வைத்து முடிவு செய்யாதே. விடுதியிலிருந்து நடந்தே போய் வர முடிகிறதா என்று பார். மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் பஸ்ஸை நம்பிய பக்தி அக்டோபருக்குள் தளர்ந்துவிடும். ஆராதனை முடிந்த பிறகு பத்து நிமிடம் நின்று கவனி. வயதானவர்களும் இளைஞர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா? நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்களா, அவர்களைப் போய்ப் பார்க்கிறார்களா? காணிக்கைக் கணக்கை வெளிப்படையாகச் சொல்கிறார்களா? இந்த மூன்றும் இருந்தால், கொயர் என்னும் பாடகர் குழு சற்றுச் சுருதி விலகினாலும் அங்கேயே இரு.

சில வேறுபாடுகள் உனக்கு நெருடலாம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து உருவானது. உன் ஊர், சி.எம்.எஸ். என்னும் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரி சங்கத்தார் வளர்த்த ஆங்கிலிக்கன் சபை. உதகையின் பழைய ஆலயங்களில் சில அதே வழி வந்தவை என்பதால் ஜெபமுறை உனக்குப் பழகியதாகவே இருக்கும். கேத்தி, கோத்தகிரிப் பக்கம் போனால் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷனின் தடம் தெரியும். அவர்கள் 1846இல் கேத்தியில் பணி தொடங்கினார்கள். இந்த மலையின் படகர் சமூகத்தில் முதல் ஞானஸ்நானம் 1858இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு! எனக்கு அந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் பல வழிகளில் வந்து சேர்ந்தவர்கள். படகர் குடும்பங்கள் இருப்பார்கள். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், வெலிங்டன் ராணுவக் குடும்பங்கள் என்று பலரைச் சந்திப்பாய். உன் ஊர்த் தமிழைக் கேட்டு யாராவது புன்னகைத்தால் வருந்தாதே. அவர்கள் தாத்தாவும் இந்த மலைக்கு ஒரு தகரப்பெட்டியோடு வந்தவராக இருக்கலாம்.

இனி அந்த ஜெபக்கூட்டம். பெயர் சொல்லி வரவேற்றதில் உன் மனம் இளகியது நியாயமே. பழைய சபைகள் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள். அங்கே போகாதே என்று நான் சொல்லமாட்டேன். சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ. நடத்துகிறவர் எந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர்? அவர் தவறினால் கேட்பதற்கு மேலே யாராவது இருக்கிறார்களா? காணிக்கைக்குக் கணக்கு உண்டா? மாணவியிடம் தசமபாகம் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடு. கட்டணத்துக்காக அப்பா அனுப்பும் பணத்தில் பத்தில் ஒன்று எடுத்துக் கொடுக்கும் உரிமை உனக்கு இல்லை. குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று அவசரப்படுத்தினாலோ, தேர்வு நாளில் உபவாசக் கூட்டத்துக்கு வரச் சொன்னாலோ, உன் திருமணத்தைப் பற்றித் தீர்க்கதரிசனம் சொன்னாலோ, வீட்டாரிடம் சொல்லாதே என்றாலோ, அன்றோடு நின்றுவிடு. இவற்றில் எதுவும் இல்லையென்றால் வாரநாளில் தோழிகளோடு போய் வா. காப்பாளரிடம் சொல்லிவிட்டு, விடுதிக் கதவு மூடும் நேரத்துக்கு முன் திரும்பும்படி போ. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அதற்குக் கொடுக்காதே.

கல்லூரிகளில் இயங்கும் மாணவர் ஐக்கியங்களுக்கும் இதையே சொல்வேன். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இலும், யு.இ.எஸ்.ஐ. என்னும் நற்செய்தி மாணவர் ஐக்கியம் 1954இலும் தொடங்கியவை. கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் அமைப்பான ஐக்கஃப் 1924 முதல் இருக்கிறது. இவற்றின் கிளை உன் கல்லூரியில் இருந்தால் சேர்ந்துகொள், வேதத்தைக் கேள்வி கேட்டுப் படிக்க அது நல்ல இடம். ஆனால் அங்கே எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. இரவில் காய்ச்சல் வந்தால் தோழி மாத்திரை வாங்கி வருவாள். கஞ்சி வைத்துக் கொண்டுவரும் அத்தை சபையில்தான் இருக்கிறார்.

பெயர் மாற்றம் பற்றி: வேண்டாம். இரண்டு ஆண்டுப் படிப்புக்காக ஊர்ப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கத் தேவையில்லை. சந்தாவை வீட்டில் உள்ளவர்கள் கட்டி வரட்டும். நாளைக்குத் திருமண ஓலை, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்பு, வாசிக்கவும் அந்தப் பதிவு வேண்டும். அதற்குப் பதிலாக உன் ஊர் ஆயரிடம் ஒரு கடிதம் வாங்கி வா. நீ ஞானஸ்நானமும், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்றவள், படிப்புக்காக உதகையில் இருப்பாள் என்று நான்கு வரி போதும். அதை இங்குள்ள ஆயரிடம் கொடுத்தால் திருவிருந்தில் பங்கேற்பது பற்றிக் கேள்வியே வராது. இன்னும் திடப்படுத்தல் பெறவில்லை என்றால், ஊர் ஆயரின் சம்மதத்தோடு இங்கேயே ஆயத்த வகுப்பில் சேரலாமா என்று கேட்டுப் பார். படிப்பு முடிந்து இங்கேயே வேலை கிடைத்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

உன் கத்தோலிக்கத் தோழிகளுக்கு விதி வேறு. அவர்களுடைய பங்கு, வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. திருச்சபைச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலே அந்த இடத்தின் பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குத்தந்தைதான். சொந்த ஊர்ப் பங்கையும் அவர்கள் இழப்பதில்லை. ஆகவே தயங்காமல் போய்த் தங்கள் பெயரைச் சொல்லட்டும், தங்கள் பகுதி அன்பியம் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) எது என்று கேட்கட்டும். ஒரு முறை உதகையிலேயே உள்ள காந்தல் குருசடித் திருத்தலத்துக்கும் போய் வரட்டும்.

கடைசியாக நான் மிகவும் வற்புறுத்துவது: சபையில் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். வரிசையில் உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்தால் எல்லோரும் உன்னை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகள் வகுப்புக்குத் துணை ஆசிரியராகச் சேர். இதற்கு ஆள் போதாத சபைகளே அதிகம். இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அனைவருக்கும் உன் பெயர் தெரிந்துவிடும். "அக்கா" என்று ஒரு பிள்ளை ஓடி வந்து உன் கையைப் பிடித்துவிட்டால், பிறகு உன்னை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடுவாய் என்றால் கொயரில் சேர். கிறிஸ்துமஸுக்கு நீ ஊருக்குப் போய்விடுவாய். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் கேரல் பவனி வீடு வீடாகப் போகும். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு இருபது வீடுகளில் பாடிவிட்டு வந்தால், இருபது வீடுகளும் உனக்குத் தெரிந்த வீடுகள்.

கொயர் பயிற்சி பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் இருக்கும். நேரத்தை ஞாயிறு அறிவிப்பில் கேட்டுக்கொள். போகும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டுப் புத்தகத்தையும் தடித்த காலுறையையும் எடுத்துக்கொள், தரை மிகவும் குளிரும்.