வலியறியாத கை வரமாகுமா?

இயந்திரக் கை கால்களைப் பற்றியும், மனித உடலை இயந்திரத்தால் மேம்படுத்தும் முயற்சிகளைப் பற்றியும் பழைய வட ஆர்க்காடு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

குடியாத்தம் வாசகர்: விசைத்தறிக் கூடத்தில் நேர்ந்த விபத்தில் என் தம்பியின் வலக்கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. 'பயோனிக் கை' பொருத்திக்கொண்டால் நினைத்த மாத்திரத்தில் விரல்கள் அசையும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். இது உண்மையா?

பாதி உண்மை. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றன. ஆகவே உங்கள் தம்பி இல்லாத விரலை மடக்க எண்ணினாலும், மிஞ்சியிருக்கும் முன்கையில் அதற்குரிய தசை சுருங்கவே செய்யும். அப்போது எழும் மிக நுண்ணிய மின்னழுத்தத்தைத் தோலின்மேல் பதியும் மின்முனைகள் உணர்கின்றன. அதைப் பெருக்கி, செயற்கைக் கைக்குள் இருக்கும் மோட்டார்களை இயக்குகிறார்கள். இந்த முறை புதியதன்று. 1960 வாக்கிலேயே சோவியத் ரஷ்யாவில் இப்படியொரு கையைச் செய்து காட்டினார்கள். ஐந்து விரல்களும் தனித்தனியாக இயங்கும் கை கடைச்சரக்காக வந்தது 2007-ல், ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ஐ-லிம்ப்' மூலமாக.

காணொளியில் காட்டாத பாதியைச் சொல்கிறேன். பெரும்பாலான கைகளில் இருப்பவை இரண்டே மின்முனைகள். ஒன்று திறக்க, மற்றொன்று மூட. சாவியைப் பிடிக்கும் பிடியிலிருந்து டம்ளரைப் பிடிக்கும் பிடிக்கு மாற வேண்டுமானால், இரு தசைகளையும் ஒருசேரச் சுருக்கியோ கைபேசிச் செயலியைத் தொட்டோ கட்டளையிட வேண்டும். 'நினைத்த மாத்திரம்' என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. அரை கிலோ அளவிலான கையின் எடை எலும்பில் தாங்காமல் தோலில் தொங்குவதால், இயற்கைக் கையைவிட அது கனமாகத் தோன்றும். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் உறைக்குள் வியர்வை சேர்ந்தால் மின்முனை வழுக்கும்; கை சொன்ன பேச்சைக் கேட்காது. பல லட்சம் கொடுத்து வாங்கிய கையைச் சில மாதங்களில் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

எதிர்த் தோளில் வார் மாட்டி, கம்பியால் இழுத்து இயக்கும் பழைய கொக்கிக் கையை உங்கள் தம்பி முதலில் பழகட்டும் என்பதே என் யோசனை. அதற்கு மின்கலம் வேண்டாம். தூசியும் தண்ணீரும் அதை அவ்வளவாகப் பாதிக்கா. பொருளை இறுகப் பிடிக்கும்போது கம்பியின் இழுவை தோளுக்குத் தெரிவதால், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் ஓரளவு புலப்படும். விலை உயர்ந்த மின் கைகள் பலவற்றில் இந்தச் சிறு வசதிகூடக் கிடையாது. தசைப் பயிற்சி நன்றாக அமைந்த பிறகு மின் கையைப் பற்றி முடிவு செய்வதில் நட்டம் ஒன்றுமில்லை.

வாலாஜாபேட்டைத் தமிழாசிரியர்: பொற்கைப் பாண்டியனின் கைதானே உலகின் முதல் செயற்கைக் கை?

இரவில் கீரந்தை என்பவனின் வீட்டுக் கதவைத் தவறாகத் தட்டிவிட்டு, அவன் மனைவிமேல் பழி வராதிருக்கத் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிய மன்னன், மறுநாள் அவையில் அந்தக் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் கை செய்து வைத்துக்கொண்டதாகக் கதை சொல்கிறது. பொற்கை எதையும் பிடித்ததாகக் கதையில் இல்லை. அது நீதிக்குச் சாட்சியாக இருந்தது, அவ்வளவே. வேலை செய்த பழைய செயற்கைக் கையைக் காண விரும்பினால் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும். 1504-ல் போரில் கையை இழந்த கோட்ஸ் என்னும் வீரர், வில்சுருளும் பற்சக்கரமும் வைத்த இரும்புக் கையால் மீண்டும் வாள் பிடித்தார். மாணவர்களுக்கு இரண்டு கதைகளையும் சொல்லுங்கள்; எது முதல் என்ற போட்டியை விட்டுவிடுங்கள்.

காட்பாடி, இயன்முறை மருத்துவ மாணவி: செயற்கைக் கைக்குத் தொடு உணர்வைத் தர முடியுமா? வலியையும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வது ஏன்? வலி இல்லாதிருப்பது நல்லதுதானே?

இந்தக் கேள்வி காட்பாடியிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இதற்கான விடையில் பெரும்பகுதி உங்கள் ஊருக்கு அருகிலேயே கண்டறியப்பட்டது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோய் கண்டால் விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்று மருத்துவர்களிலும் பலர் நம்பியிருந்தனர். பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து வேறொரு முடிவுக்கு வந்தனர். நோய் கெடுப்பது நரம்பை. நரம்பு கெட்டதால் வலி போய்விடுகிறது. வலி போனவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும், கூரான பிடியுள்ள கருவியை நாளெல்லாம் அழுத்தினாலும், உறங்கும்போது எலியே கடித்தாலும் கையை இழுத்துக்கொள்வதில்லை. விரல்களை அழித்தது காயமும் அதைக் கவனியாமையுமே என்று அவர்கள் காட்டினர். மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவையில் பிராண்ட் பெயர் பெற்றவர். ஆனால் நிமிர்ந்த கையும் உணர்ச்சியற்ற கையாகவே இருந்தது என்பதுதான் அவரை விடாமல் துரத்திய சிக்கல்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் நகரத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின்னர், செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவியொன்றைச் செய்ய அவருடைய குழு பல ஆண்டுகள் முயன்றது. கையுறையில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருந்தன. அழுத்தம் எல்லை மீறினால் முதலில் காதில் ஒலி எழும்படி செய்தார்கள். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, உணர்ச்சி குன்றாத அக்குளில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அவசர வேலை வந்தபோது நோயாளிகள் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையை முடித்தார்கள்; பிறகு மீண்டும் மாட்டிக்கொண்டார்கள். அணைக்க முடிகிற வலி வலியின் வேலையைச் செய்வதில்லை என்று கண்டு, முயற்சியைக் கைவிட்டனர்.

இன்றைய நிலை அதைவிட முன்னேறியிருக்கிறது. பட்டாசு வெடித்து இடக்கையை இழந்த டென்மார்க்கைச் சேர்ந்த டென்னிஸ் ஓபோ சோரன்சன் என்பவருக்கு ரோம் நகரில் மேற்கைக்குள் நரம்போடு மின்முனைகளை இணைத்துச் செய்த சோதனை 2014-ல் வெளிவந்தது. கண்ணைக் கட்டிய நிலையில் அவர் பொருளின் வடிவத்தையும் அது கெட்டியா மெத்தென்றதா என்பதையும் செயற்கை விரல்களால் அறிந்தார். சோதனை விதிகளின்படி ஒரு மாதத்தில் மின்முனைகளை எடுத்துவிட்டார்கள். சிகாகோவில் டாட் குய்கன் என்னும் மருத்துவர், இரு கைகளையும் இழந்த மின்கம்பிப் பணியாளரின் கை நரம்புகளை மார்புத் தசைக்கு மாற்றி இணைத்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: மார்புத் தோலைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டதாக அவருக்குத் தோன்றியது. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வலியையும் உணர்த்தும் மின்னணுத் தோலொன்றைச் செயற்கை விரல்களில் பொருத்திக் காட்டினார்கள். கூரான பொருள் பட்டதும் கை தானாகவே அதைக் கீழே போட்டது. நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல் கையையே விலகச் செய்த இந்த ஏற்பாடு, கார்வில்லில் சிக்கிய முடிச்சை அவிழ்க்கும் வழியாக எனக்குப் படுகிறது. செயற்கைக் கையின் பலத்தைப் பற்றி வரும் செய்திகளைவிட இத்தகைய ஆய்வுகளையே நீங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எத்தனை கிலோ தூக்கும் என்பது மோட்டாரைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது.

ஆம்பூர் வாசகி: காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயால் என் அம்மாவுக்கு இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கணினி பொருத்திய முழங்கால் வாங்கலாம் என்று ஒருவர் கூறுகிறார். ஜெய்ப்பூர் கால் போதும் என்று மற்றொருவர் கூறுகிறார்.

கணினி முழங்கால் உங்கள் அம்மாவுக்குத் தேவையே இல்லை. 1997-ல் ஜெர்மனியின் ஆட்டோபாக் நிறுவனம் கொண்டுவந்த 'சி-லெக்' முதலானவை, முழங்காலையும் சேர்த்து இழந்தவர்கள் தடுக்கி விழாமல் நடப்பதற்காக மூட்டின் இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றுபவை. உங்கள் அம்மாவுக்குச் சொந்த முழங்கால் இருக்கிறது. எந்தக் கடையிலும் அதைவிடச் சிறந்தது கிடைக்காது. கணினி முழங்காலை வாங்கச் சொன்னவரின் அக்கறை எதில் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1968 வாக்கில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், நம் வாழ்க்கை முறையை எண்ணிச் செய்தது. செருப்பில்லாமல் நடக்கலாம், ஈர வயலில் இறங்கலாம், தரையில் அமரலாம். 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் அதை அணிந்துதான் மீண்டும் நடனமாடினார். இருப்பினும் காலின் பெயரைவிட, மிஞ்சிய காலைத் தாங்கும் கிண்ணம் சரியாகப் பொருந்துவதே முக்கியம். முதல் சில மாதங்களில் மிஞ்சிய காலின் வீக்கம் வற்றி அளவு மாறும். கிண்ணத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். வேலூர் பாகாயத்தில் 1966 முதல் இயங்கும் மறுவாழ்வு மையத்தைப் பாருங்கள். அதற்கு வித்திட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் செயற்கைக் கால் பெற விண்ணப்பிக்கலாம்.

அம்மாவின் வலக்காலை இன்றே பாருங்கள். சர்க்கரை நோயும் தொழுநோயைப் போலவே பாதத்து நரம்பைக் கெடுப்பது. காட்பாடி மாணவிக்கு எழுதிய பதில் உங்கள் அம்மாவின் வலப் பாதத்துக்கும் பொருந்தும். தினமும் அடிப்பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று அறிய வேண்டும். உணர்ச்சியற்ற பாதத்துக்காக வேலூரிலும் அதையடுத்த கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்குச் செய்து கொடுத்த நுண்துளை ரப்பர் செருப்பே இன்று சர்க்கரை நோயாளிகளுக்கான 'எம்.சி.ஆர்.' செருப்பாக விற்கப்படுகிறது. காலணித் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அந்த ரப்பரின் தரத்தைப் பார்த்து வாங்குவது கடினமாக இராது.

இராணிப்பேட்டை, பொறியியல் மாணவர்: இயற்கை உறுப்பைவிடச் செயற்கை உறுப்பு சிறந்ததாகிவிட்டால், நல்ல நிலையில் இருப்பவர்களும் கை காலை எடுத்துவிட்டு இயந்திரம் பொருத்திக்கொள்ளும் காலம் வருமா?

ஒரு குறிப்பிட்ட வேலையில் செயற்கை உறுப்பு இயற்கையை விஞ்சுவதற்கு எடுத்துக்காட்டு இப்போதே உண்டு. வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்த ஜெர்மனியின் மார்கஸ் ரேம், கார்பன் இழைத் தகட்டுக் காலை ஊன்றி 2023-ல் 8.72 மீட்டர் நீளம் தாண்டினார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தாண்டல் 8.48 மீட்டர். அந்தத் தகடு தாண்டும் கணத்தில் உதவுகிறது, ஓடிவரும் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து நியாயம் சொல்ல இயலாமல் ஒலிம்பிக் வாசலில் அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே தகட்டோடு அவரால் அசையாமல் நெடுநேரம் நிற்பதோ படியேறுவதோ எளிதன்று. இயற்கைக் கால் எதிலும் முதல் பரிசு வாங்காமல் எல்லாப் பாடத்திலும் தேறுகிற மாணவனைப் போன்றது.

எனவே வெட்டி மாற்றுவதைவிட, இருப்பதோடு சேர்ப்பதே மேம்பாட்டின் வழியாக இருக்கும் என்று கருதுகிறேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சுண்டுவிரல் பக்கம் மாட்டிக்கொள்ளும் மூன்றாவது கட்டைவிரலைச் செய்து, கண்காட்சியொன்றுக்கு வந்த ஏறத்தாழ 600 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கால் கட்டைவிரலால் அழுத்தி அதை இயக்க வேண்டும். அநேகமாக எல்லாராலும் முதல் நிமிடத்திலேயே இயக்க முடிந்தது. மூளை புதிய உறுப்பை ஏற்பதில் தயங்குவதில்லை. கால்விரலை அதற்கு ஒதுக்கிவிட்டு நடப்பது எப்படி என்பதைத்தான் நீங்கள் பொறியியலில் யோசிக்க வேண்டும். கூடுதல் உறுப்பு எதையும் இயக்குவதற்கு, உடலில் ஏற்கெனவே வேலையிருக்கும் ஏதோ ஓர் உறுப்பைக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரணி வாசகர்: உடலுக்குள் பொருத்திய கருவியைச் செய்த நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும்?

நடந்தே இருக்கிறது. பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் பொருத்தும் 'ஆர்கஸ் 2' என்னும் கருவிக்கு 2013-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டனர். சில ஆண்டுகளில் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தி, திவாலின் விளிம்புக்கும் சென்றது. கண்ணுக்குள் இருக்கும் கருவி பழுதானால் உதிரிப் பாகத்துக்கும் பழுது பார்ப்பவருக்கும் எங்கே போவது என்று பயனாளிகள் திகைத்து நின்றனர். கழற்றி வைக்கக்கூடிய கை காலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் மென்பொருளை நிறுவனத்தின் கணினியில்தான் சரிசெய்ய முடியும் என்ற கைகளுக்கு உண்டு. வாங்குமுன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: மின்கலமும் கையுறையும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், பழுது பார்ப்பது சென்னையிலா வெளிநாட்டிலா, பழுதான நாட்களில் மாற்றுக் கை தருவார்களா. எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.