போமான்ட் என்ற பெயருக்குக் குலச்சின்னம் வாங்கலாமா?

லண்டனிலிருந்து ஒரு வாசகி: "கணவரின் குடும்பப் பெயர் போமான்ட். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த பிரபுவின் வம்சம் என்று சான்றிதழும் குலச்சின்னமும் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. மகளுக்காக வாங்கலாமா?"

வேண்டாம் அம்மா.

போ என்றால் அழகான, மோன் என்றால் மலை. பிரெஞ்சில் போமோன், ஆங்கிலேயர் வாயில் போமான்ட். பிரான்சில் இந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள். ஊரைவிட்டுப் போனவரை ஊர்ப்பெயர் சொல்லி அழைத்தார்கள், அதுவே வம்சப் பெயராக நின்றுவிட்டது. ஒரே ஊர்க்காரர்களே பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். இங்கே ஊரே வேறு வேறு.

பிரபுக்களிலும் அப்படித்தான். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த ஹேஸ்டிங்ஸ் போரில் போரிட்ட ராபர்ட், நார்மண்டியின் போமோன் குடும்பம். 1440-இல் இங்கிலாந்தின் முதல் வைகவுண்ட் (ஒரு பிரபுப் பட்டம்) ஆன ஜான் போமான்டின் முன்னோர் பிரான்சின் மேன் பகுதிப் போமோனிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெயரும் பெண்வழியில் கிடைத்தது. விற்பவர்கள் இரண்டையும் கலந்து ஒரே தாளில் அச்சடித்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு மனிதருக்குத் தரப்படுவது, குடும்பப் பெயருக்கு அல்ல. விதிவிலக்கு ஒன்று உண்டு: சின்னம் பெற்றவரின் நேர் வாரிசு என்றால் உரிமை வரும். நேர் வாரிசு என்றால் அப்பா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று ஆண்வழியில் ஒரு கண்ணிகூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் பதிவோடு காட்ட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது சாட்சி ஆகாது. அப்படிக் காட்ட முடிந்தாலும் போக வேண்டிய இடம் குலச்சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், லண்டனில் 1484 முதல் இருப்பது; கடைக்காரர் அல்ல.

சரி, என்ன செய்யலாம்? கணவரின் தாத்தா பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். அப்படியே பின்னோக்கிப் போனால் அரசுப் பதிவு தொடங்கிய 1837 ஜூலை வரை எட்டலாம். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். அவற்றை எழுதச் சொல்லி உத்தரவு வந்தது 1538-இல். ஆனால் இங்கிலாந்தில் சொந்தப் பாட்டனின் பதிவுக்குக்கூட நகலுக்கு நகல் காசு கேட்கிறார்கள். பிரான்சில் பெரும்பாலான மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. இங்கே மட்டும் ஏன் முடியாது என்று எனக்கு ஆத்திரமாகவே வருகிறது.

இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்ச மரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் செய்த தப்பை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். தேடல் யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் போனால் நிதானமாகப் பாருங்கள். அங்கே போமான்ட்கள் ஏராளம், ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் இருந்தால் மனைவி பெயரை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.