ஜெட் எஞ்சின் பக்கத்தில் இறக்கை இருந்தால் சத்தம் கூடுமா, குறையுமா? கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாமா?

கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இறக்கை ஒரு பக்கம் சத்தத்தை மறைக்கும், மறுபக்கம் திருப்பி அனுப்பும், இது எல்லோருக்கும் தோன்றுவதுதான். தோன்றாத ஒன்று இருக்கிறது: இறக்கையின் பின்விளிம்பு தன் பங்குக்குப் புதிதாக ஒரு சத்தம் போடும். ஆராய்ச்சிப் படிப்பில் நான்கு வருடம் நான் மாரடித்தது அதோடுதான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வள்ளியூரில் எங்கள் சித்தப்பாவுக்கு டயர் கடை. லீவு நாளில் அங்கே போனால் ஏர் ஹோஸை எடுத்துச் சும்மா ஊதிக்கொண்டிருப்பேன். வெறும் காற்றில் பிடித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும், அவ்வளவுதான். அதையே கழற்றிப் போட்ட ரிம்மின் விளிம்பை ஒட்டிப் பிடித்தால் கடையே அலறும், உள்ளேயிருந்து “ஏல, காது கிழியுது, தள்ளிப் பிடில” என்று சித்தப்பா கத்துவார். நாலு விரற்கடை தள்ளினால் போதும், அடங்கிவிடும். காற்றும் அதே காற்று, கம்ப்ரஸரும் அதே கம்ப்ரஸர். பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் கரண்ட் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிக்குக் கீழே நின்றால் கேட்கும் ‘வூஷ், வூஷ்’ இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இறக்கையின் பின்விளிம்பில் பிறப்பதுதான்.

காரணம் இது. ஜெட் காற்றில் உருளும் சுழல்களைச் சுற்றி ஓரிடத்தில் அழுத்தம் ஏறும், பக்கத்தில் இறங்கும். திறந்த வெளியில் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் தூரத்துக்குத் தப்பிப்போவது கொஞ்சம்தான். நடுவில் ஒரு கூரான விளிம்பை நீட்டினால் அந்தச் சமன் கெட்டுப்போகிறது, சுழலோடு அங்கேயே செத்திருக்க வேண்டிய அழுத்தம் ஒலியாகக் கிளம்பிவிடுகிறது.

இதன் கணக்கு பழையது. திறந்த வெளி ஜெட்டின் ஒலி ஆற்றல் வேகத்தின் எட்டாம் படியில் (வேகத்தை எட்டு முறை பெருக்கிய கணக்கில்) ஏறும் என்று பிரிட்டிஷ் கணித அறிஞர் லைட்ஹில் 1952-ல் காட்டினார். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் 256-ல் ஒரு பங்காகும், அதாவது 24 டெசிபல் இறங்கும். 1955-ல் கர்ள், சின்னத் திடப்பொருள் ஒன்று ஓட்டத்தில் இருந்தால் ஆறாம் படி என்றார். 1970-ல் ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாலும் கூர்விளிம்புக்கு ஐந்தாம் படி என்றார்கள். அப்போது பாதி வேகத்துக்கு 15 டெசிபல்தான் இறங்கும். இப்போது புரிந்திருக்கும். எஞ்சினை அகலமாக்கி, காற்றை மெதுவாகத் தள்ளி, ஜெட்டின் சொந்தச் சத்தத்தை நன்றாகவே குறைத்துவிட்டார்கள். ஆனால் விளிம்புச் சத்தம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. போதாததற்கு, அகலமான எஞ்சின் தரையில் இடிக்காமல் இருக்க அதை இறக்கையோடு நெருக்கி மாட்டவும் வேண்டியிருக்கிறது. எஞ்சினை இறக்கைக்கு மேலே வைத்தால் கீழே இருப்பவர்களுக்குக் கீச்சுச் சத்தம் குறையும், விளிம்பு போடும் உறுமல் மட்டும் போகாது.

(எங்கள் பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் ராக்கெட் எஞ்சின் சத்தமும் இதுதானா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை, அது ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் பாயும் ஜெட், அதன் கதையே வேறு.)

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். காதைப் பிளக்கும் 100 டெசிபல் என்பது அழுத்தத்தில் வெறும் 2 பாஸ்கல் ஏற்ற இறக்கம், வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அந்த இரண்டைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு. எல்லாவற்றையும் சராசரியாக்கும் வழக்கமான கணிப்பு இறக்கையின் தூக்குவிசைக்குப் போதும், ஒலிக்குப் போதாது, சராசரியில் ஏற்ற இறக்கமே காணாமல் போய்விடுமே. அதனால் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, பொடிச் சுழல்களுக்கு மட்டும் ஒரு தோராயக் கணக்கை வைக்கிறார்கள். ஒலியை மிஞ்சிய வேக ஜெட் ஒன்றின் இரைச்சலைக் கணிக்க ஸ்டான்ஃபோர்டுகாரர்கள் 2013-ல் செக்கோயா என்ற சூப்பர் கணினியில் பத்து லட்சத்துக்கு மேல் கோர்களை (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகுகளை) ஓட்டினார்கள். எனக்குக் கிடைத்தது சில நூறு, அதுவும் வரிசையில் நின்று.

நான் கம்ப்யூட்டரில் ஓட்டிய ஜெட் 5 சென்டிமீட்டர் விட்டம், வேகம் நொடிக்கு 170 மீட்டர், பக்கத்தில் இறக்கைக்குப் பதில் ஒரு தட்டையான தகடு. உறுமல் 680 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரவேண்டும். நேரத்தை அரை மைக்ரோ நொடித் துண்டுகளாக வெட்டி நாலு லட்சம் துண்டு ஓட்டினால் கிடைப்பது 0.2 நொடி, அதில் உறுமலின் 136 சுற்று. ஒன்பது நாள் காத்திருந்து, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று படம் போட்டுப் பார்த்தால் 680-ல் ஒரு மேடு, சந்தோஷம். 200-க்குப் பக்கத்தில் இன்னொரு மேடு, அதுவும் பெரிசாக! புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. கைடு படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “தகட்டை எடுத்துட்டு ஒருதடவை ஓட்டுப்பா” என்றார்.

எடுத்துவிட்டு ஓட்டினேன். 680 மேடு படுத்துவிட்டது. 200 மேடு அசையவே இல்லை.

தகடே இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? தூரத்து ஒலியைக் கணக்கிட, ஜெட்டைச் சுற்றிக் கற்பனையாக ஒரு கூடு போட்டு, அதன் மேல் அழுத்தத்தையும் வேகத்தையும் பதிவு செய்வோம், ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் 1969-ல் கொடுத்த சமன்பாடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜெட் அந்தக் கூட்டின் பின்மூடியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போகும். அப்போது மூடியைக் கடக்கும் ஒவ்வொரு சுழலையும் சூத்திரம் ஒலி என்று எண்ணிக்கொள்கிறது. என் ‘கண்டுபிடிப்பு’ அதுதான். ஒரே மூடிக்குப் பதில் அடுத்தடுத்த தூரங்களில் ஏழு மூடி போட்டுச் சராசரி எடுத்தேன். சுழல் ஒவ்வொரு மூடியையும் வேறுவேறு நேரத்தில் கடப்பதால் போலிச் சத்தம் தனக்குள்ளேயே அடிபட்டுப் போனது, நிஜ ஒலி ஏழிலும் ஒன்றாக வந்து நின்றது. தகட்டை மறுபடி வைத்து இன்னொரு ஒன்பது நாள். 680 மேடு அதே இடத்தில் இருந்தது.