ஆதார் முகவரி ஊரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்

சகோதரி, திருநெல்வேலியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறோம், மூன்று வயது மகளுக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை, அங்கன்வாடியில் சேர்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்ப்பார்கள். குழந்தைக்கு ஆதார் கட்டாயம் இல்லை, அம்மாவின் ஆதாரை வைத்தே பதிவு செய்யலாம். அதில் பழைய முகவரி இருந்தாலும் பரவாயில்லை. இப்போது குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து மையம்தான் கணக்கு. கட்டணமும் கிடையாது.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு மகளோடு காலையிலேயே நேரில் போய்விடுங்கள். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் தெருவில் "பால்வாடி எங்கே?" என்று கேளுங்கள், உடனே காட்டுவார்கள். அன்றே எடை, உயரம் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒருவேளை ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால், வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், முதல் வாரம் அழுவாள். என் மகன் நான்கு நாள் என் துப்பட்டா நுனியை விடவே இல்லை. ஐந்தாம் நாள் தட்டில் முட்டை வந்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாட்டோடு முட்டை உண்டு. முதலில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுப் பழக்குங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள், "சாப்பிட்டதும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள்.